‘போதும்’ என்ற சொல்லுக்கு ஐந்து வாக்கியம்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தமிழ் டீச்சர் வாரத்துக்கு ஒரு சொல் கொடுப்பார். அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுதி, அடியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். வீட்டில் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசும் பிள்ளைகளுக்குச் சொல் மனதில் நிற்க அதுதான் வழி என்பது அவர் நம்பிக்கை. அந்த வாரத்துச் சொல் ‘போதும்’.

அப்போது நாங்கள் ஒக்கலிபுரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீட்டில் குடியிருந்தோம். தாய் தகப்பன் இல்லாத சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, எங்களோடு இருந்தாள். பகலில் துணிக்கடை வேலை, மாலையில் கல்லூரி. பி.காம். முடிக்க இன்னும் ஒரு வருடம். அந்தச் சமயத்தில்தான் சந்தாபுராவிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“படிச்ச வரைக்கும் போதும். நல்ல எடம், விட்டா கெடைக்காது” என்றார் அப்பா, அம்மாவிடம். சித்தி பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ‘மாமா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவாளே தவிர, அப்பாவிடம் நேராக எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. அம்மாவும் மறுபேச்சு பேசவில்லை.

எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. ‘சித்தி படித்தது போதும்’ என்று எழுதிக்கொண்டேன். பிறகு இரண்டு இட்லி போதும், பெய்த மழை போதும், விளையாடியது போதும். அதற்கு மேல் ஓடவில்லை. சித்தியிடம் நோட்டைக் கொண்டுபோனேன். முதல் வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

“சொல்றேன், தப்பில்லாம எழுது. எனக்கு இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுத்தால் போதும், மாமா.”

“மாமாவும் எழுதணுமா?”

“எழுது. முன்னாடி கமா போடு.”

காலையில் அப்பா வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனார். நான் விடவில்லை. “அஞ்சாவத படிங்கப்பா. அதுதான் பெருசு.”

படித்தார். “யாரு சொல்லிக்குடுத்தது?”

“சித்தி.”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா பேனாவை மூடினார், திறந்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு அம்மாவிடம், “சந்தாபுராக்காரங்ககிட்ட ஒரு வருஷம் போகட்டும்னு சொல்லிடறேன். இல்லன்னா வேற எடம் பாத்துக்கலாம்” என்றார்.

“கேட்டுச்சாடி?” என்றாள் அம்மா, உள்பக்கம் திரும்பி. குழாய்த் தண்ணீர் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தாபுராக்காரர்கள் காத்திருக்கவில்லை. சித்தி படிப்பை முடித்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வகுப்பில் டீச்சர் நான்கு வாக்கியங்களுக்கு டிக் போட்டு, ஐந்தாவதில் மட்டும் வட்டமிட்டார்.

“இது யார்கிட்ட சொல்ற வாக்கியம்? யாரு இந்த மாமா?”

“எனக்கு மாமாவே இல்ல டீச்சர்” என்றேன். ஒரு மார்க் போயிற்று.

சாயங்காலம் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தியிடம் சண்டைக்குப் போனேன். இனிமேல் உன்னிடம் வாக்கியம் கேட்கவே மாட்டேன் என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு சிரித்தாள். என் மார்க் போனதில் அவளுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.