காப்புக் கட்டும்வரை பிறக்காதவள்

என் மகள் பிறந்தது புத்தூரில், நல்ல உச்சி வெயிலில். ஆனால் திருப்பதியில் என் புகுந்த வீட்டாரைக் கேட்டால் அன்று சாயங்காலம் காப்புக் கட்டி முடிந்த பிறகுதான் பிறந்தாள் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே அவள் எங்கே இருந்தாள் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

மாமனார் திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அர்ச்சகர். கோயில் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. உற்சவம் நடத்தும் முறை வீடு வீடாகச் சுற்றி வரும். பங்காளிகளில் பாதிப் பேர் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் பங்கை ஒருத்தரும் விடவில்லை. முறை வந்தால் விமானம் ஏறி வந்து, கோட்டைக் கழற்றிப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் மாமனாருக்கு முறை வருவதற்குள் குடுமி முழுக்க வெளுத்துவிட்டது. அந்த வருஷம் வந்தது. அடுத்த தடவை வரும்போது தான் இருக்கப்போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

எனக்கு டாக்டர் நாள் குறித்ததும் அதே வாரத்தில்.

எங்களவர்களில் குழந்தை பிறந்தால் பங்காளிகளுக்குப் பத்து நாள் தீட்டு. கர்ப்பகிரகத்துக்குள் போகக்கூடாது. உற்சவத்துக்காகக் கையில் காப்புக் கட்டிக்கொண்டுவிட்டால் அப்புறம் எந்தத் தீட்டும் ஒட்டாது. ஆகவே என் குழந்தை ஒன்று பத்து நாள் முந்திப் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்புக் கட்டும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பிறந்தால் மாமனாரின் முறை அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

"இப்பல்லாம் எல்லாரும் கத்தி வெச்சுத்தானே எடுத்துக்கறா. முன்னாடியே எடுத்துட்டா பெருமாளுக்கும் நல்லது, உனக்கும் வலி இல்லை" என்றார் மாமியார். அமெரிக்காவில் இருந்த என் கணவர், வீடியோவில் பாதி முகத்தைக் காட்டிக்கொண்டு, "சேஃப்தானாமே, யோசியேன்" என்றார். மாமனார் வாயே திறக்கவில்லை. அவருக்காக வீடே பேசியது. வயிறு என்னுடையது என்று சொல்ல மட்டும் அங்கே ஆள் இல்லை. கோபம் தலைக்கேறிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புத்தூருக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைப்பிரசவம் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை.

அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருவர் நடத்தும் பிரசவ இல்லம் இருந்தது. ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தடாவிலிருந்துகூட அங்கே வருவார்கள். சிக்கல் என்றால் உடனே திருப்பதிக்கு ஏற்றிப் போக வண்டி வாசலிலேயே நிற்கும். அங்கேதான் பெற்றுக்கொள்வேன், வெட்டாமல் பெற்றுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். "புத்தூரா? கை கால் ஒடிஞ்சாத்தானே அங்கே போவா?" என்றார் கணவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன ஊர்.

பத்து நாள் கெடு தாண்டியதும் மாமியார் ஒரேயடியாக மாறிப்போனார். அவரைப் போல் சுகப்பிரசவத்தை ஆதரித்தவர் ஆந்திராவிலேயே இருந்திருக்க மாட்டார். "இயற்கையா வரட்டும்மா. அவசரமே படாதே. எவ்வளவு லேட்டானாலும் பரவாயில்லை" என்று தினமும் போன் செய்தார்.

காப்புக் கட்டும் நாள் காலையில் எனக்கு வலி எடுத்தது.

பெரிய நர்ஸம்மா என்னைப் படுக்கவே விடவில்லை. "நடந்துக்கினே இரு. குந்திக்கணும்னா குந்திக்கோ. படுத்துக்கினு இன்னா பண்ணப்போற?" சின்னவள் தெலுங்குக்காரி, என் இடுப்பை நீவிவிட்டபடி "மெல்லகா, மெல்லகா" என்று பின்னாலேயே வந்தாள். அதற்குள் மாமியார் எப்படியோ நம்பர் பிடித்து நர்ஸம்மாவையே கூப்பிட்டுவிட்டார். சாயங்காலம்வரை கொஞ்சம் தாமதப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். நர்ஸம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஏம்மா, நான் இன்னா பஸ்ஸ நிறுத்தி வெச்சிக்கினு கீறேனா? கொழந்த வந்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வலி உயிர் போகிற வலி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தேன். கத்தாதே என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால் கத்தினேன். மாமியார், கணவர், காப்பு, பங்காளிகள் என்று ஒருவர் விடாமல் திட்டினேன். "திட்டு, திட்டு, நல்லா எறங்குது" என்று பெரிய நர்ஸம்மா உற்சாகப்படுத்தினார். கொஞ்ச நேரத்தில் சூடாக, வழவழவென்று ஒரு பெண் குழந்தையை என் மார்மேல் கவிழ்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. நான் நினைத்தபடியே பெற்றுவிட்டேன் என்ற கர்வம்தான் இருந்தது.

அந்தக் கர்வம் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. தீட்டு, சேதி காதில் விழுந்தால்தான் தொடங்கும். காப்புக் கட்டும்வரை மாமனார் காதில் விழாமல் இருந்தால் போதும். மாமியார் காதிலும் விழக்கூடாது. ஆனால் அவரால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. அம்மாவுக்குப் போன் செய்து, "இன்னும் ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லுங்கோ. ஆயிடுத்துன்னா ஒண்ணும் சொல்லாதேங்கோ" என்றார். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றாள். "சரி, நான் ஒண்ணும் கேட்கலை" என்று மாமியார் வைத்துவிட்டார்.

கணவரிடம் திருப்பதிக்குப் போன் செய்ய வேண்டாம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தோம். அவரும் போன் செய்யவில்லை. குழந்தையின் படத்தைப் பங்காளிகளின் ஃபேமிலி குரூப்பில் போட்டார்.

கோயில் மண்டபத்தில் அடுத்த முறைக்காரரான பங்காளி, ஒருவேளை தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, குளித்து மடியாகத் தயாராக நின்றிருந்தார். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்தார். முதல் தீட்டு அவருக்குத்தான். அவர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், படம் பார்த்த பங்காளிகள் எல்லோரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். விஷயம் தெரிந்தவர் எவரும் கோயிலுக்குள் போக முடியாது. உள்ளே இருந்த மாமனாரிடம் இருந்ததோ பட்டன் போன். ஊருக்கே தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் போன் ஓயவில்லை. "அவருக்குச் சொல்லிட்டாளா?" "படத்தை அழிச்சாச்சா?" "யார் யார் பார்த்தா?" குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நானும் அமெரிக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் பேசினார்கள், ஒருத்தர்கூடக் குழந்தை யார் ஜாடை என்று கேட்கவில்லை. பிரசவ வலியில் வராத அழுகை அப்போது வந்தது.

மறுபடியும் போன் அடித்தது. கணவர்தான் என்று, "அழிச்சாச்சா இல்லையா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் நாகஸ்வரம் கேட்டது.

"என்னம்மா, சௌக்கியமா?" மாமனார். "காப்புக் கட்டிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"சௌக்கியம்ப்பா" என்றேன். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. போனைக் கையால் பொத்தினேன். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. எதிர்ப்பக்கம் வெறும் நாகஸ்வரம். முறை போயிற்று என்று நினைத்தேன்.

"யாராத்துக் கொழந்தையோ அழறது போலிருக்கே" என்றார்.

"ஆமாம்ப்பா... யாரோ." என் பெண்ணையே அப்படிச் சொன்னேன்.

"கணீர்னு அழறது, நன்னாருக்கும். பசிதான்" என்றார். "அழ விடப்படாதும்மா. போனெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பெத்தவளைத் தூக்கிக்கச் சொல்லு."

வைத்துவிட்டார். நான் போனை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.