செட்டிங்ஸ் அக்காவும் பக்கத்துப் பட்டனும்

கடைப் பலகையில் இருப்பது என் பெயர். ஆனால் உள்ளே நுழைகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா இல்லையா?" என்பதுதான். "நான் இருக்கேனே, சொல்லுங்க" என்றால், "பரவாயில்லண்ணா, அக்கா வந்ததும் வர்றேன்" என்று திரும்பிப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் சுருக்கென்று இருக்கும். இப்போது பழகிவிட்டது.

அந்த அக்கா என் மனைவி. முழுப் பட்டம் செட்டிங்ஸ் அக்கா. ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கே நின்றால் இன்னொரு ஆள் நுழைய முடியாத கடை எங்களுடையது. சுவர் முழுக்க போன் கவர்கள், கூரையிலிருந்து தொங்கும் சார்ஜர் ஒயர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஹெட்போன்கள். போனுக்கு வெளியே இருப்பதெல்லாம் என் ராஜ்யம். கவர், கண்ணாடி, சார்ஜர், செல்பி குச்சி. போனுக்கு உள்ளே இருப்பதெல்லாம் அவளுடையது. நான் கண்ணாடி ஒட்டினால் நடுவில் ஒரு குமிழாவது வந்துவிடும். "குமிழ் இல்லேன்னா அது எங்க வீட்டுக்காரர் ஒட்டினது இல்ல" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன், வேறு வழி?

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்த்தாள். காதில் ஒரு ஹெட்செட், எதிரே ஒரு திரை, நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வது. டவர் இல்லையென்றாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், மழை பெய்து ஒயர் அறுந்தாலும் அவள்தான். கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூட "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்பாள். நான் எழுந்து உட்கார்ந்து, "பரவாயில்லம்மா, தூங்கு" என்பேன்.

அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கத்துகிற ஆள் பாதி நேரம் கோபத்தில் கத்துவதில்லை, கையிலிருக்கிற சாமானைக் கண்டு பயந்து கத்துகிறான் என்பாள். அதனால் யார் போனையும் வெடுக்கென்று பிடுங்க மாட்டாள். "பாக்கலாமா?" என்று கேட்டுத்தான் வாங்குவாள். பழைய போனிலிருந்து புதிய போனுக்குப் படங்களை ஏற்றும்போது இரண்டையும் மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். "அவங்க வீட்டுக்குள்ள நமக்கென்ன வேலை?" எனக்கு அந்த நல்ல குணம் கிடையாது. யார் வீட்டுக் கல்யாணப் படமாவது ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன், வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வயதானவர்கள் போன் வாங்கினால் அவள் தனியாக ஒரு சடங்கே நடத்துவாள். எழுத்தைப் பெரிதாக்குவாள். மணிச் சத்தத்தையும் பேச்சுச் சத்தத்தையும் உச்சத்தில் வைப்பாள். திரையில் கொட்டிக் கிடக்கிற வேண்டாத ஆப்களையெல்லாம் துடைத்துவிட்டு, அவர்களுக்கு வேண்டிய நாலைந்து முகங்களை மட்டும் பெரிதாக வைப்பாள். முகத்தைத் தொட்டால் அந்த ஆளுக்கு அழைப்பு போகும். கடைசியாக ஒன்று செய்வாள். பேசி முடித்தபின் திரையில் சிவப்புப் பொத்தானைத் தேடி வயதானவர்கள் திண்டாடுவார்கள் என்று, போனின் பக்கவாட்டில் இருக்கிற பட்டனை அழுத்தினாலே அழைப்பு துண்டிக்கப்படுகிற மாதிரி மாற்றிவிடுவாள். யாரும் கேட்க வேண்டியதில்லை. தலை நரைத்திருந்தால் போதும், இவ்வளவும் ஆகிவிடும்.

லாரிக்காரர் தலையும் நரைத்துத்தான் இருந்தது.

பின் தெருவில் தனியாக இருக்கிறார். ஆயுசில் பாதிக்குமேல் லாரி ஓட்டியவர். இப்போது ஓட்ட லாரி இல்லை, பேச மனைவியும் இல்லை. ஒரே மகள். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட நாளில், "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லி அனுப்பியவர் இவர். சொன்ன வாயே பிறகு வருஷக்கணக்கில் வருந்தியது. மகள் தானாக இறங்கிவந்து கூப்பிடுகிறாள் என்றதும், பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களிடம் வந்து பெரிய போன் வாங்கினார். மேல்சட்டைப் பையிலிருந்து மகள் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிற படத்தை எடுத்து நீட்டினார். என் மனைவி அதைப் படம்பிடித்துத் திரையில் மற்ற எல்லா முகங்களுக்கும் மேலே வைத்துக் கொடுத்தாள். மனிதர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே போனார்.

அப்படிப் போனவர்தான் ஒரு மதியம் முகம் தொங்கிப்போய் வந்து நின்றார்.

"அம்மா, இதுல யாரு கட் பண்ணாங்கன்னு பாக்க முடியுமா?"

"என்ன கட் பண்ணாங்க?"

"போனை. எம்பொண்ணு கூப்பிடறா. நான் எடுத்து அலோங்கறேன். கட்டாயிடுது. மறுபடி கூப்பிட்டா, மறுபடி கட்டு. நானே ஒரு தடவை போட்டேன். 'அப்பா'ன்னா. அதோட வச்சுட்டா. இப்ப கொஞ்ச நாளா கூப்பிடறதே இல்ல." போனை மேஜைமேல் வைத்தார். "எங்குரலைக் கேட்டதும் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுது போல. சொன்ன சொல்லு அப்படி. டவர் கோளாறுன்னா சொல்லு, காத்திருக்கேன். அவதான் வைக்கறான்னா, இந்தப் படத்தை எடுத்துடு. பாத்துப் பாத்து நெஞ்சை அடைக்குது."

நான் ஹெட்போன் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். பெரிய உருவம் ஒன்று அப்படி நின்றால் பார்க்கச் சகிக்காது.

யார் வைத்தார்கள் என்று போன் சொல்லாது. அழைப்புப் பட்டியலில் மகளின் பெயர் வரிசையாக இருந்தது. எல்லாம் சில நொடிப் பேச்சு. என் மனைவி தன் போனிலிருந்து அவருக்கு அழைத்தாள். அவர் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்து அலோ என்றார். கணீரென்று கேட்டது. கட்டாகவில்லை. இன்னொரு முறையும் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"அப்ப அவதான்" என்றார் லாரிக்காரர். "படத்தை எடுத்துடும்மா."

அவள் எடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு பேசும்போதும் இப்படி ஸ்பீக்கர்லதான் போடுவீங்களா?"

"அதெப்படி? எம்பொண்ணு பேசறதை ஊருக்கா கேக்க வைப்பேன்? மத்தவங்க எல்லாம் ஸ்பீக்கர்தான். அவன்னா காதுல வச்சுக்குவேன்."

"எங்க, நீங்க இப்படி உக்காருங்க. இப்ப நான் உள்ள போய்க் கூப்பிடறேன். உங்க பொண்ணு கூப்பிடறதா நினைச்சு எடுங்க."

எனக்கு இது நாடகமாகப் பட்டது. ஆனால் போன் அடித்ததும் அவர் செய்ததைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போனை இரண்டு கையாலும் எடுத்து, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அதை நெரிக்கிற மாதிரி பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டார். "அலோ" என்றார். குரல் வேறாக இருந்தது.

கட்டாகிவிட்டது.

உள் அறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். பேயறைந்த முகம். அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். அது பக்கத்துப் பட்டனின் மேல், நகம் வெளுக்கிற அளவுக்கு அழுந்தியிருந்தது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் அருகில் போய்க் காதோடு சொன்னேன்: "போன்ல கோளாறு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிடு. தெருவுல பேரு கெட்டுடும்." அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் என் கவர்களை அடுக்கப் போய்விட்டேன்.

ஊரார் தப்புக்கெல்லாம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்ட வாய் அது. சரளமாக வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இரண்டு முறை தொடங்கி நிறுத்தினாள்.

"ஐயா, உங்க பொண்ணு வைக்கல. நீங்களும் வைக்கல. நான்தான் வச்சேன்." பட்டனைக் காட்டினாள். "இதை அழுத்தினா கட்டாகற மாதிரி நானே மாத்தி வச்சிருக்கேன். உங்களைக் கேக்கவும் இல்ல, உங்ககிட்டச் சொல்லவும் இல்ல. பெரியவங்களுக்குச் சுலபமா இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன். நீங்க அவளுக்காக இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அது கட்டாயிருக்கு. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் நியாயம்தான்.

"அப்ப அவ வைக்கலையா?"

"இல்லங்க."

"நெசமாவே அவ வைக்கல இல்ல?"

"சத்தியமா இல்ல."

"அது போதும். நீ என்ன வேணா மாத்திட்டுப் போம்மா." முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "ஐயோ, நான் வச்சேன்னு அவ நினைச்சிருப்பாளே! அப்பன் இன்னும் மாறலன்னு நினைச்சிருப்பாளே!"

என் மனைவி சட்டென்று அந்தச் செட்டிங்கை எடுத்துவிட்டு, மகளின் படத்தைத் தொட்டாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை. லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குரல் பதிவு அனுப்பலாம் என்றாள். "நான் சொன்னா சாக்குன்னு நினைப்பா. நீயே சொல்லு" என்றார்.

அவள் போனை வாயருகே வைத்தாள். "நான் உங்க அப்பா போன் வாங்கின கடையில இருந்து பேசறேன். அப்பா ஒரு தடவைகூட உங்க போனை வைக்கல. கடையில நான் பண்ணின தப்பால கட்டாயிடுச்சு. நீங்க கூப்பிட்டா அவர் எழுந்து நின்னு எடுக்கறாரு. கையைத் துடைச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறாரு. அவ்வளவு இறுக்கிப் பிடிச்சதாலதான் கட்டாயிடுச்சு. இப்ப இங்கதான் இருக்காரு. முடிஞ்சா ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க."

அனுப்பியபின் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சார்ஜர் கேட்டு வந்த ஒருவரை நான் கையாட்டியே அனுப்பிவிட்டேன். பதிவுக்குக் கீழே இருந்த இரண்டு குறிகளும் நீலமாக மாறின. மகள் கேட்டுவிட்டாள். ஆனால் போன் அடிக்கவில்லை.

பிறகு அடித்தது.

அவர் எழுந்தார். ஆனால் போனைத் தொடப் பயந்தார். இரண்டு விரல் நுனியால், சுடுகிற பாத்திரத்தை எடுக்கிற மாதிரி தூக்கிக் காதுக்குத் தள்ளி வைத்தார். "கேக்கலம்மா... கேக்கல" என்று என் மனைவியைப் பார்த்துத் தவித்தார். அவள் மேஜையைச் சுற்றி ஓடிவந்து, அவர் கையின்மேல் தன் கையை வைத்து, போனைக் காதோடு அழுத்தினாள். "நல்லா இறுக்கிப் பிடிங்க. இனிமே ஒண்ணும் ஆகாது."

சத்தம் உச்சத்தில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அப்பா... வச்சிடாதீங்கப்பா."

"வைக்க மாட்டேன்" என்றார் லாரிக்காரர். "நீ சொல்லு. நான் வைக்க மாட்டேன்."

நாங்கள் இருவரும் உள் அறைக்குப் போய்விட்டோம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி வச்சுக் கொடுத்திருக்கேனோ. ஒருத்தரையாவது எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டேனா?" என்றாள். "ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேப்போம், நானும் கூட உக்காந்து கேக்கறேன்" என்றேன். அவள் மேல் எனக்கு அன்று இருந்த பிரியத்தைச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே பேச்சு ஓடியது. அழுகை, பேரப்பிள்ளையின் பல், யாருக்கோ வந்த காய்ச்சல், மறுபடி அழுகை. கடைசியில் பேச ஒன்றும் இல்லாமல் போய், "ம்... அப்புறம்?" "ம்... சொல்லுங்கப்பா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு லாரிக்காரர் உள் அறை வாசலில் வந்து நின்றார். போன் காதிலேயே இருந்தது.

"அம்மா, அவளுக்கு வேலைக்கு நேரமாகுது. ஆனா நீங்க வைங்கப்பாங்கறா. நான் எப்படி வைப்பேன்? நீ வைம்மான்னா அவளும் மாட்டேங்கறா." போனை அவளிடம் நீட்டினார். "நீயே கட் பண்ணிடும்மா."

என் மனைவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் மாட்டேங்க" என்றாள்.

லாரிக்காரர் போனைத் திரும்பக் காதில் வைத்து இறுக்கிக்கொண்டு, "அவங்களும் மாட்டாங்களாம்மா. நீ பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பு, நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கித் தெருவில் நடந்து போனார்.