தங்கமாரி போட்ட மஞ்சள் வளையம்

கரிமூட்டம் போட்டவர் மகளிடமே மர எடையில் பொய் சொல்லப் பார்த்தான் ஹேமந்த். அதுதான் அவன் செய்த தப்பு.

தங்கமாரிக்குக் கமுதிப் பக்கம். பெற்றவர்கள் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்தவர்கள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் மூன்று வருடம் லைனில் நின்றவள், ஒப்பந்தம் முடிந்ததும் மரம் அளக்கும் வேலைக்கு வந்தாள். சேரப்பணஞ்சேரி அருகே ஒரு கம்பெனி ஷெட் கட்டப்போகிறது. இடத்தின் கிழக்கே நாவலும் உசிலையும் வெப்பாலையும் நிற்கும் பழைய காடு. மேற்கே சீமைக்கருவேலப் புதர். எந்தப் பக்கம் மர எடை அதிகமோ அது தப்பிக்கும், மற்றது வெட்டுப்படும். லாரி வந்துபோக கம்பெனிக்குக் கிழக்குதான் தோது; அதற்கு மேற்கின் எடை கூடுதலாகத் தெரிய வேண்டும்.

அளக்க ஒரு முறை உண்டு. மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றளவை வைத்துத்தான் எடையைக் கணக்கிடுவார்கள்; சுற்று இரட்டித்தால் எடை நாலு மடங்குக்கு மேல் ஏறும். அதற்குக் கீழேயே மரம் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளக்க வேண்டும். கருவேலம் தரையிலேயே நாலைந்தாகப் பிரிந்துவிடும். சூப்பர்வைசர் ஹேமந்தோ அடிக்கட்டையைச் சுற்றி டேப்பைப் போட்டான்.

"ஒரே மரம், அம்பது அங்குலம். எழுதிக்கோ."

"அஞ்சு குச்சியச் சேத்துக் கட்டுனா தூணாயிருமா சார்? ஒவ்வொண்ணும் பத்து. வெட்டி மூட்டத்துல வச்சா ஒரு மூட்டை கரி தேறாது. எங்கிட்டயேவா?"

"இன்னா நீ, உனுக்கு சோறு போட்ட மரந்தானே இது?"

"போட்டுச்சுதான். அதுக்காகப் பொய் எழுத முடியாது."

"அப்போ நாளைலேருந்து வராத."

தங்கமாரிக்குக் கோபத்தில் காது சுட்டது. ஆனால் இன்றைய பொழுது இன்னும் பாக்கி இருந்தது. மரத்துக்கு நம்பர் எழுதும் மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் நுழைந்தாள். முள் கையைக் கிழித்தது. கிழித்தால் கிழிக்கட்டும்! தண்டுக்குத் தண்டு மார்பு உயரத்தில் ஒரு வளையம் போட்டாள். இருட்டுவதற்குள் டப்பா காலி.

மூன்றாம் நாள் சரிபார்க்க வனத்துறை அதிகாரி லீலா வந்தார். நோட்டில் ஹேமந்த் எழுதியபடி ஒரு மரம், ஐம்பது அங்குலம் என்றிருந்தது. எதிரே ஐந்து வளையங்கள் நின்றன.

"யாரு போட்டது இது?"

ஹேமந்த் வாய் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நான்தான் மேடம். வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நீங்களே டேப்பப் போட்டுப் பாருங்க."

லீலா ஒரு தண்டில் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். பத்து. நோட்டிலிருந்த ஐம்பதை ஒரே கோடாக அடித்தார்.

"இன்னும் நாலு தண்டு கெடக்கு மேடம்," என்றாள் தங்கமாரி. "அப்புறம் அந்தப் புதர் பூராவும். நான் இங்கனயேதான் நிப்பேன்."