மூன்றாம் தரம் சொன்ன பிறகு

ஊட்டி கடைவீதியில் நூர் முகமது ஏலம் போட்டால் துரையும் சரி, மூட்டை தூக்குகிறவனும் சரி, பொருளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கை தூக்குவார்கள். மனுஷர் முதலில் குறையைத்தான் கூவுவார். "நாற்காலிங்க, ஒரு கால் ஆட்டமுங்க, பார்த்துக் கேளுங்க!" என்பார். ஆனால் அவர் மனைவி நஜ்முன்னிசா அந்தக் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் அவர் வாயைத் திறந்தால்தானே!

அந்த வருஷம்தான் ஏலக்காரர்களுக்கு லைசென்ஸ் என்று புது உத்தரவு வந்திருந்தது. ஏலம் போடுகிறவரின் வீட்டார் ஏலம் கேட்கக் கூடாது. கேட்டால் லைசென்ஸ் போச்சு. பாவம், நஜ்முன்னிசாவுக்கு இதை யார் சொன்னார்கள்? சீமைக்குத் திரும்பும் ஒரு துரைசாணியின் தையல் மிஷின் ஏலத்துக்கு வருகிறது என்று கேட்டதும், சிறுகச் சிறுக ஒளித்துச் சேர்த்த சிறுவாட்டுக் காசைப் பக்கத்துக் கடை ஆறுக்குட்டியிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர் தன் பேரில் கேட்டு ஜெயித்து, மிஷினைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்.

சாயங்காலம் அதைப் பார்த்த நூர் முகமதுவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் உத்தரவைப் பற்றி அவளிடம் சொன்னார்.

"ஏனுங்க, ஆறுக்குட்டியண்ணனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுங்க. ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிரலாம். லைசென்ஸ் போனா சோத்துக்கு என்னங்க பண்றது?" என்று அழுதாள்.

"துணி தெக்கிற தபித்தாளம்மா கடைசி வரைக்கும் கேட்டுது, நஜ்மு. நான் மூணு தரம் சொன்னதை நம்பித்தான் பேசாமப் போச்சு. அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

மறுநாள் கூலியாள் தலையில் மிஷினை ஏற்றிக்கொண்டு போய், லைசென்ஸ் கொடுத்த அதிகாரி முன்னால் இறக்கினார். நடந்ததைச் சொல்லி லைசென்ஸையும் நீட்டிவிட்டார். அடேயப்பா, எந்த ஏலக்காரன் செய்வான்! அதிகாரி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு உத்தரவு போட்டார்: சந்தை நாளில் மறு ஏலம். ஜனங்கள் சம்மதித்தால் இவரே கூவலாம். ஒருவர் ஆட்சேபித்தாலும் லைசென்ஸ் ரத்து.

செவ்வாய்க்கிழமை சந்தையே திரண்டு நின்றது. நஜ்முன்னிசாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள். ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். எல்லார் கண்ணும் தபித்தாள் மேல்தான்.

"அவருதானுங்க கூவோணும்," என்றாள் தபித்தாள். "வேற ஆரு கூவினாலும் நான் கை தூக்க மாட்டனுங்க."

லைசென்ஸ் நூர் முகமதுவின் கைக்குத் திரும்பி வந்தது. அவர் மிஷின் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"தையல் மிஷினுங்க! சக்கரம் கொஞ்சம் இறுக்கமுங்க, எண்ணெய் விடோணும்!"

யா அல்லாஹ், என்ன குரல்! நஜ்முன்னிசாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மனுஷரோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று மலைத்துப்போனாள். தபித்தாள் ஒரு விலை கேட்டாள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

அந்தக் குரலுக்கு யாருக்குமே கை தானாக எழும்பும். நஜ்முன்னிசா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.