கடைசிப் படியில் நின்ற குட்டி

இரண்டு வருடத்துக்கு முன்பு, மேட்டூரில் தண்ணீர் திறந்த ஜூன் மாதத்தில், குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எதற்காவது என்னை மடக்க வேண்டுமென்றால் என் மனைவி இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைத்தான் எடுப்பாள். எடுக்கட்டும், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நான் நெல் அறுக்கும் மிஷின் வைத்து ஓட்டுகிறவன். அந்தக் கோடையில் மிஷினுக்குக் கியர்பாக்ஸ் போய்விட்டதால் வெளியூர் வேலைக்குப் போக முடியவில்லை. கொட்டகையில் சும்மா நின்ற மிஷினிலிருந்து இரண்டு தடவை பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு நல்ல நாயாக ஒன்று வளர்க்கலாம் என்று ராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும். உடம்பு கொஞ்சம், கால்தான் மீதி எல்லாம். "இதை யாருங்க பாத்துக்கறது?" என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட என் மனைவி, மூன்றாம் நாள் அதற்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்குள் சின்னதாக ஒன்று குறுக்கும் நெடுக்கும் ஓடி எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லை.

ஓடுகிற ஜாதி நாயாயிற்றே, சின்னதிலிருந்தே ஓட்டிப் பழக்கினால்தான் கால் இறுகும் என்று நானாக முடிவு செய்தேன். காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு தார் ரோட்டில் போவேன். குட்டி கூடவே ஓடி வரும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் இல்லை, நிறைய. பத்தே நாளில் குட்டி முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்ட ஆரம்பித்தது. காலைத் தொட்டால் முனகியது. என் மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கால்நடை டாக்டர் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார். "நாலு மாசக் குட்டிங்க இது. எலும்போட முனையெல்லாம் இன்னும் குருத்தா இருக்கு. வண்டி பின்னாடி ஓட விடுவாங்களா?" என்றார். இரண்டு வாரம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மாசத்துக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு கணக்கு சொன்னார். நாலு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம், ஐந்து மாதமானால் இருபத்தைந்து. அதுவும் தானாக ஓட வேண்டும், நாம் ஓட்டக் கூடாது. தார் ரோடு, சிமெண்ட் தரை வேண்டாம், மெத்தென்ற மண் நல்லது. உயரத்திலிருந்து குதிக்கவும் நிறையப் படி ஏறி இறங்கவும் இப்போதைக்கு விட வேண்டாம். கிளம்பும்போது, "அது உட்கார்ந்தா நீங்களும் பக்கத்துல உட்கார்ந்துக்கங்க" என்றார்.

கணக்கு என்று வந்துவிட்டால் நான் விடமாட்டேன். எத்தனை மா நிலத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு டீசல் என்று மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்கிறவன். இரண்டு வாரத்தில் நொண்டல் சரியானதும் மெத்தென்ற மண்ணைத் தேடினேன். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது.

வீட்டைத் தாண்டிப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் காய்ந்து கிடக்கும். அந்த வருடம் பொக்லைன் விட்டு நன்றாகத் தூர் வாரியிருந்தார்கள். ஆகாயத்தாமரை, கோரை, கண்ணாடிச் சில்லு எல்லாம் போய், அடியில் சுத்தமான மணல். இரண்டு பக்கமும் கரையைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்ததால் குட்டி எங்கேயும் ஓடிப்போக முடியாது. வேலி போட்ட மாதிரிதான். எங்கள் பக்கத்துக் கரையில் ஒன்பது படி வைத்த படித்துறை. டாக்டர் சொன்னபடி குட்டியைப் படியில் விடவே மாட்டேன். கால் மூட்டை நெல் கனம் இருக்கும், தூக்கிக்கொண்டே இறங்குவேன். நிமிடக் கணக்கு முடிந்ததும் தூக்கிக்கொண்டே ஏறுவேன். குட்டியும் பழகிவிட்டது. ஓடி முடித்தால் அடியில் இருக்கிற கடைசிப் படியின் மேல் வந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் அடுத்த படியில் ஊன்றி என் முகத்தைப் பார்க்கும். தூக்கு என்று அர்த்தம்.

மேட்டூர் திறந்த செய்தி வந்தது. என் மனைவி தினமும் சொல்ல ஆரம்பித்தாள். ஏழாம் நாள் காலையிலும், "தண்ணி விட்டு ஏழு நாளாவுதுங்க. குட்டியை வாய்க்கால்ல விடாதீங்க" என்றாள்.

"கல்லணைக்கு மூணு நாள், அங்கேருந்து நமக்கு ஒரு வாரம். பத்து நாளைக்கு முன்னாடி என்னிக்காவது வந்திருக்கா? எனக்குத் தெரியாதா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கணக்கு அது, தப்பியதில்லை. ஆனால் நான் பிறந்ததிலிருந்து எங்கள் வாய்க்காலை அப்படி யாரும் தூர் வாரியதும் இல்லை. அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது, நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போது போன் வந்தது. கியர்பாக்ஸ் பார்க்கிற மெக்கானிக் எதிர்க்கரை டீக்கடைக்கு வந்துவிட்டாராம். குட்டி படுத்திருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று காய்ந்த வாய்க்காலைக் குறுக்கே நடந்து, மரவேரைப் பிடித்து எதிர்க்கரையில் ஏறினேன். ஐந்து நிமிடத்தில் வருவதாகத்தான் போனேன். கியர்பாக்ஸ் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சா? முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

யாரோ பைக்கில் வந்து இறங்கி, "பாலத்தாண்ட தண்ணி வந்து ரொம்ப நேரமாச்சுங்க, புதுத் தண்ணிக்குப் பூவெல்லாம் போட்டுட்டாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அந்த வாக்கியம் புரியவே ஒரு நொடி ஆயிற்று. டம்ளரை வைத்தேனா போட்டேனா தெரியாது. கரைக்கு ஓடி வந்து பார்த்தால், நான் நடந்து வந்த மணலைக் காணோம். செம்மண் நிறத்தில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிரே கடைசிப் படியில் குட்டி நின்றது. வயிறு வரைக்கும் தண்ணீர். முன்னங்கால் இரண்டையும் அடுத்த படியில் ஊன்றிக்கொண்டு, தூக்க ஆள் வருவதற்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏறு, ஏறு" என்று கத்தினேன். அதற்கு ஏறத் தெரியாது. என் குரல் மட்டும் தெரியும். திரும்பி என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு, என்னிடம் வருவதற்காகத் தண்ணீருக்குள் காலை வைத்தது. நடு வாய்க்காலில் பொக்லைன் தோண்டிய பள்ளம். கொஞ்சம் தள்ளி மதகு. அதன் வாயில் முள்ளும் குப்பையும் வந்து அடைந்துகொண்டிருந்தன. நான் கூப்பிடக் கூப்பிட அது என்னை நோக்கித்தான் வரும். வாயைப் பொத்திக்கொண்டேன்.

மனைவியைக் கூப்பிடலாம் என்றால் போன் டீக்கடையிலேயே கிடந்தது. இறங்கிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. வேரைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது எட்டு வைத்தபோதே அடியில் மணல் நழுவி, தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. உயிர்ப் பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எப்படியோ வேரோடு தொங்கி மேலே வந்தேன். குட்டி அதற்குள் கழுத்தளவில் நின்று, போவதா வேண்டாமா என்று முனகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கிற வரைக்கும் அது திரும்பிப் போகாது. பூவரச மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். இலைச் சந்து வழியாகப் பார்த்தேன். என்னைக் காணாமல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அது மறுபடி படிக்கே தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தது.

அக்கரைக்குப் போக வேண்டுமானால் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பர்லாங் இருக்கும். குட்டிக்கு ஓடக் கற்றுக்கொடுத்த நான் அன்றைக்குத்தான் உண்மையில் ஓடினேன். இப்போது தண்ணீர் எந்தப் படியில் இருக்கும், குட்டியின் கழுத்தைத் தாண்டியிருக்குமா, அது மறுபடி என்னைத் தேடி இறங்கியிருக்குமா என்றுதான் மனசு ஓடியது. டாக்டர் சொன்ன நிமிடம், மண், படி எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னாரே, அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பாலத்தில் நல்ல கூட்டம். பூவும் மஞ்சளும் சூடமுமாக எல்லோரும் மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படித்துறை கிழக்கே, வாய்க்கால் வளைவுக்கு அந்தாண்டை. அந்தப் பக்கம் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. ஈரத்துணியோடு இடித்துக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்து, "என்னங்க, வேண்டுதலா?" என்று யாரோ கேட்டார்கள். நான் நிற்காமல் ஓடினேன்.

வளைவைத் தாண்டிப் படித்துறைக்கு மேலே வந்து நின்றேன். முதல் படியில் ஒரு பெரிய துணி மூட்டை இருந்தது. கீழே, இடுப்பளவு தண்ணீரில், கறுப்புப் பர்தா போட்ட ஓர் அம்மா ஒரு கையால் படியின் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் குட்டியைத் தோளோடு அணைத்து நின்றுகொண்டிருந்தார். ஈரப் பர்தா காலில் சுற்றிக்கொண்டு, மேலே ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். குட்டி அவர் கழுத்துக்குள் முகத்தைச் சொருகி நடுங்கியது.

நான் இறங்கிக் குட்டியை வாங்கிக்கொண்டு, அவருக்கும் கையைக் கொடுத்து மேலே ஏற்றினேன். மூன்று பேருமே கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். நாகூரிலிருந்து சேலை, நைட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வந்து விற்கிறவர் அவர். பஸ்ஸை விட்டு இறங்கிக் கரையோரமாக வந்தபோது முனகல் கேட்டிருக்கிறது.

"பொறந்ததுலேருந்து நாயைத் தொட்டதில்லைங்க நான். கிட்ட வந்தாலே ஒதுங்கிப் போயிடுவேன். இது கையைத் தூக்கிட்டு நின்னுதுங்க, கொழந்த தூக்கச் சொல்ற மாதிரி. எப்படிங்க விட்டுட்டுப் போறது?" என்றார்.

கொஞ்சம் தயங்கிவிட்டு, கரையிலிருந்து நல்ல மண்ணாக ஒரு பிடி எடுத்துத் தரச் சொன்னார். நாய் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும், அது தங்கள் வழக்கம் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிச்சுக்கங்க என்றேன். "இதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? மண்ணும் இருக்கு, தண்ணியும் இப்பத்தானே வந்திருக்கு" என்று சிரித்துவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த மண்ணைப் போட்டு அந்தப் படியிலேயே கையைக் கழுவத் தொடங்கினார்.

அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு என் மனைவியும் ஓடி வந்துவிட்டாள். குட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அழுதாள். பிறகு அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போய், குளிக்க நிறையத் தண்ணீர் எடுத்து வைத்துக் கதவைச் சாத்திக்கொடுத்தாள். அவர் தன் மூட்டையிலிருந்தே ஒரு மாற்றுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். டீயை மட்டும் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். குட்டி பின்னாலேயே போனது. தொடாமல், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை, அல்லது வந்தபோது நான் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றிரண்டு படியாக, நிதானமாக, கூடவே நின்று பழக்கினால் தப்பில்லை என்றார். அப்படித்தான் பழக்கினேன். இப்போது அது வளர்ந்து என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒன்பது படியையும் மூன்று தாவலில் ஏறுகிறது. ஆனாலும் சில நாள் கடைசிப் படியில் நின்று, முன்னங்கால் இரண்டையும் மேலே வைத்து என்னைப் பார்க்கும். எவ்வளவு வேலை இருந்தாலும் அப்போது நான் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

தண்ணீர் எத்தனை நாளில் வரும் என்று இப்போது யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. நாள், நிமிடம், படி என்று நான் போட்ட கணக்கெல்லாம் ஒரே காலையில் பொய்த்துப்போனது. அன்றைக்கு அந்தப் படித்துறையில் அந்த அம்மா தன் கையை மண் போட்டுக் கழுவத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேனே, அந்த ஏழு மட்டும் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.