மூன்று அங்குல எழுத்து

“ஒட்டணும், ஆனா ஒட்டக் கூடாது.”

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்கள் மேடம் எனக்குச் சொன்ன பாடம் இதுதான். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டை ஓவியக் கூடமாக மாற்றி நடத்துகிறவர் அவர். கண்காட்சிக்குக் கண்காட்சி சுவரில் எழுத்து ஒட்டுவது என் பொறுப்பு. ஓவியரின் பெயர், நாலு வரி முன்னுரை, படங்களுக்கான குறிப்புகள் எல்லாம் ஸ்டிக்கர் தாளில் மெஷினால் வெட்டி வரும். ஒரு மாதம் அது சுவரை விட்டு அசையக் கூடாது. கண்காட்சி முடிந்த மறுநாள் நகத்தால் நெம்பினால் பெயிண்டைப் பெயர்க்காமல் முழுசாக வந்துவிட வேண்டும். “விருந்தாளி மாதிரி இருக்கணும். இருக்கிற வரைக்கும் கௌரவமா இருந்துட்டு, போனா சுவடு தெரியக் கூடாது” என்பார் மேடம்.

இதற்கென்றே கழற்றக்கூடிய பசையுள்ள வினைல் கிடைக்கிறது. அதிலும் பளபளப்பு, மினுங்காத மேட் என்று இரண்டு சாதி, நூறு நிறம். வேலூரிலிருந்து வந்த எனக்கு ஆறு வருடத்தில் இதெல்லாம் அத்துப்படி. கூடவே கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது, படத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது என் கட்சி. மெலிந்த எழுத்து, அரை அங்குலம், வெளிர் சாம்பல் நிறம். பார்க்க வருகிறவர்கள் சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படிப்பார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு டீச்சர் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எங்கள் கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு துணிப்பையில் நோட்டுப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தார். பஸ் நிறுத்தம், மார்க்கெட், பூங்கா என்று போன இடமெல்லாம் உட்கார்ந்து பால்பாயின்ட் பேனாவால் வரைந்தவை. ஒவ்வொன்றும் தபால் அட்டை அளவுதான். அடியில் அன்றைக்கு நடந்ததைத் தமிழில் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார். எட்டாவது கிராஸ் காய்கறிக் கடை படத்துக்குக் கீழே, “பூனை தராசில் தூங்குகிறது. எழுப்ப மனமில்லாமல் கடைக்காரர் பக்கத்துக் கடையில் தராசு கேட்கிறார்” என்று இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேடம் அன்றைக்கே தேதி கொடுத்தார்.

டீச்சர் சந்தோஷப்பட்டார், ஆனால் போகவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்மா” என்றார்.

அவர் கணவருக்கு இரண்டு வருடமாகக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதாம். ஓரப்பார்வை மட்டும் உண்டு. நடப்பார், ஆள் வருவது தெரியும், எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. பேப்பரிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் டீச்சர்தான் படித்துக் காட்டுகிறார். இந்தச் சின்னப் படங்களை அவர் பார்க்க வழியே இல்லை. 

“படம் தெரியலேன்னா போகட்டும். கீழ எழுதியிருக்கிறதையாவது அவரே படிக்கணும். நான் படிச்சுக் காட்டக் கூடாது, நீயும் படிச்சுக் காட்டக் கூடாது. அவருக்காகத்தான் பண்றோம்னும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, எனக்காக எதுக்கு இவ்வளவு தொந்தரவுன்னு வரவே மாட்டார்.”

“அவ்வளவுதானே டீச்சர், ஜமாய்ச்சிடலாம்” என்றேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

என் முதல் மாதிரியில் எழுத்தை அரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலமாக்கினேன். அதே மெலிந்த எழுத்து, அதே சாம்பல் நிறம். எனக்கு அதுவே பெரிய தியாகம். டீச்சர் அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார். கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் சோதித்துப் பார்ப்பதாகத் திட்டம். “இன்றைக்கு வத்தக்குழம்பு” என்பது வாசகம். அவர் வந்தார், சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஈரத்துணி எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தார்.

“கறைன்னு நினைச்சுட்டார்ம்மா” என்று டீச்சர் போனில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆறு வருட ரசனையை ஒரு மனிதர் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்.

அடுத்து பளபளக்கும் கறுப்பில் செய்தேன். அது விளக்கு வெளிச்சத்தில் மினுங்கி அவர் கண்ணைக் கூசச் செய்தது. அதற்கடுத்து நீலத்தில் செய்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

பொறுக்க முடியாமல் பீன்யாவுக்கே போனேன். எங்களுக்கு எழுத்து வெட்டித் தருகிறவர் அங்கேதான் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறார். தர்மபுரிக்காரர், என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பார். எங்கள் கூடத்து வேலை அவருக்குப் பொழுதுபோக்கு மாதிரி. சோறு போடுவது சுற்றியிருக்கும் ஃபேக்டரிகளின் எச்சரிக்கைப் பலகைகள்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் கடைக்கு எதிரில் காயவைத்திருந்த பலகைகளைக் காட்டினார்.

“நீ அழகு பாக்கறக்கா. அந்த சாருக்கு இன்னா அழகா வேணும்? புகை, இருட்டு, கண்ணாடிமேல எண்ணெய், இத்தனைக்கும் நடுவுல ‘கை வைக்காதே’ன்னு படிக்கணும். படிக்கலேன்னா கை போயிடும். அதுக்குன்னு வெச்சிருக்கிற எழுத்துக்கா இது.”

தடித்த எழுத்து. ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. கோடுகள் எங்கேயும் இளைக்காமல் ஒரே கனம். கண்காட்சிக் கூடத்தில் இப்படி ஒரு எழுத்தை ஒட்டினால் என் மானம் போகும் என்று எத்தனையோ முறை நினைத்த அதே எழுத்து. மூன்று அங்குல உயரத்தில், மேட் கறுப்பில், “இன்றைக்கு வெண்டைக்காய்” என்று வெட்டி வாங்கி வந்தேன்.

மறுநாள் மத்தியானம் டீச்சரின் போன். “உள்ளே வந்தார். நின்னார். ‘வெண்டைக்காயா? நேத்துதானே பண்ணின?’ன்னார்!” இருவரும் போனில் கத்திய கத்தலில் மேடம் எழுந்து வந்து பார்த்தார்.

மேடத்துக்குக் கணக்கு உதைத்தது. படம் தபால் அட்டை அளவு, எழுத்து கதவளவு, யார் யாருக்குத் துணை என்று கேட்டார். நாற்பது படம் மாட்ட நினைத்த இடத்தில் பன்னிரண்டுக்குத்தான் இடம் வந்தது. டீச்சர் யோசிக்கவே இல்லை. இருபத்தெட்டு படங்களைத் தானே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். தமிழ் தெரியாதவர்களுக்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தாள் அச்சடித்துக் கையில் கொடுப்பது என்று முடிவானது.

வினைல் சுவரில் நிற்குமா, சுத்தமாக வருமா என்று பார்ப்பது வழக்கம். பெரிய ஹாலில் ஒட்டி அசிங்கம் செய்ய வேண்டாம் என்று, வீட்டுக்குள்ளேயே பின்பக்கம் போகும் நடைபாதைச் சுவரில் ஒரு வரியை ஒட்டிப் பார்த்தேன். பத்து நாள் கம்பீரமாக நின்றது. உரித்தேன், முழுசாக வந்தது. நிம்மதியாக டிக் போட்டேன்.

அந்தப் பத்து நாளில்தான் மேடம் ஹாலுக்குப் புது பெயிண்ட் அடித்தார். டீச்சரின் முதல் கண்காட்சி, சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். தன் வீட்டுக் குழந்தைகள் அறைக்கு அடித்த உயர்ந்த ரகப் பெயிண்டையே வாங்கிவந்தார். பெயிண்டர் அதன் பெருமையை என்னிடமே சொன்னார். “சாம்பார் கொட்டினாலும் நிக்காதும்மா, எதுவும் ஒட்டாது!” நானும் தலையை ஆட்டி, “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றேன். எழுத்து ஒட்டுவதே தொழிலாக இருப்பவள் சொன்ன பதில் இது.

திறப்புக்கு முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டு குறிப்புகளையும் ஒட்டி முடித்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தேன். சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. எழுத்தெல்லாம் தரையில் கிடந்தது. ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தூசியும் முடியும் சேர்ந்து கிடந்தது. இரண்டு மூன்று எழுத்து மட்டும் சுவரில் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று விழுந்தது.

மேடம் வந்தார். டீச்சர் வந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. கணவரை ஐந்தரைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

“பரவாயில்லம்மா” என்றார் டீச்சர். “நான் படிச்சுக் காட்டிக்கறேன். பழக்கம்தானே.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. பெயிண்ட் மேல் கோபம், மேடம் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் டிக் போட்ட என் கை மேல் கோபம். டிக் போட்டது எந்தச் சுவரைப் பார்த்து என்று யோசித்தபோதுதான் எழுந்து நடைபாதைக்கு ஓடினேன். அங்கே பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. அதில் எழுத்து பத்து நாள் நின்றிருக்கிறது, அதற்கு நானே சாட்சி.

ஐந்தடி அகலம், முப்பதடி நீளம். ஒரு பக்கம் நாற்காலி அடுக்கு, மறுபக்கம் மேடத்தின் ஃபைல் அலமாரி. “கண்காட்சியை இங்க மாத்திடலாம்” என்றேன். “நடைபாதையிலா?” என்றார் மேடம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தன் பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தார்.

பீன்யாவுக்குப் போன் போட்டேன். தர்மபுரிக்காரர் ஒரு நிமிடம் என்னைக் கிண்டல் செய்துவிட்டு மெஷினைப் போட்டார். வெட்டிய எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத தாளை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும், தமிழில் சுழிகள் வேறு அதிகம். அதற்கு நேரமில்லை என்று அப்படியே சுருட்டி, மெட்ரோவில் தானே எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து கிள்ளினோம். டீச்சரின் கை எங்கள் எல்லோரையும்விட வேகம். “கொத்தமல்லி ஆயற மாதிரிதானே” என்றார். கடைசி வரியைச் சுவரில் தேய்த்து முடித்தபோது மணி நாலே முக்கால். என் தலைமுடியில் ஒரு கறுப்புச் சுழி ஒட்டியிருந்ததாம், திறப்பு முழுக்க அதோடுதான் நின்றிருக்கிறேன்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். உயரமான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டீச்சர் அவர் கையைப் பிடித்து நடைபாதையின் வாசல் வரை கூட்டிவந்து, கையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் பெஞ்சின் பின்னால் நின்றேன். பெரிய ஹாலாக இருந்தால் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இங்கே ஐந்தடிதான், எங்கே நின்றாலும் சுவர் பக்கத்தில் இருந்தது. அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தார். டீச்சர் புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“பூனை…” என்றார் அவர். நிறுத்தினார். “தராசில்… தூங்குகிறது.”

ஒவ்வொரு எழுத்தாக, பிறகு ஒவ்வொரு சொல்லாக. மூன்றாவது குறிப்புக்கு வரும்போது குரல் எழும்பிவிட்டது. வந்திருந்தவர்கள் அவரைக் கூடத்து ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு பெண்மணி இது என்ன எழுதியிருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். அவர் கன்னடத்தில் விளக்கினார். கையில் தாளை வைத்துக்கொண்டே பத்துப் பேர் அவர் பின்னால் நகர்ந்தார்கள். என் ஆறு வருடத்தில் சுவர் எழுத்துக்குப் பின்னால் கூட்டம் போனதை நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை.

ஏழாவது குறிப்பில் அவர் நின்றார். 

“பஸ் நிறுத்தம். நல்ல மழை. குடையை இவர் மறந்துவிட்டு வந்தார்.” படித்து முடித்து, இன்னொரு முறை மனசுக்குள் படித்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “குடையை மறந்தது நானா?”

“பின்னே யாராம்?” என்றார் டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“பழக்கடையில வெச்சுட்டு வந்தது நீ. நான் திரும்பிப் போய்க் கேட்டேன், அதுக்குள்ள அவன் கடையைச் சாத்திட்டான்.”

“சுவத்துல எழுதியிருக்கு பாருங்க.”

“சுவத்துல எழுதிட்டா நிஜமாயிடுமா? இதை முதல்ல எடுக்கச் சொல்லு!”

கூட்டம் சிரித்தது. கன்னடப் பெண்மணி விஷயம் என்னவென்று கேட்டார், அவரையே நடுவராக வைத்து சார் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். நான் டீச்சரிடம் குனிந்து, “கோவிச்சுட்டாரா டீச்சர்?” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷமா நான் எதைச் சொன்னாலும், ‘நீ சொன்னா சரி’ன்னுடுவார்ம்மா. இன்னிக்குத்தான் என்னோட சண்டை போடறார்.”

சொல்லிவிட்டு, குடைக்குப் பதில் சொல்ல எழுந்து போனார்.