ஆக்னஸ் தூக்காத குழந்தை

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஆக்னஸுக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவன் அமல்ராஜ் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். அவன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வெல்டர். அவள் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தக் கடைசி வாரம்வரை ரயிலில் நின்றுகொண்டு போய் வந்தது காரணமோ என்று கேட்காத உறவு இல்லை. டாக்டரம்மா அதெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னார். ஆக்னஸ் நம்பவில்லை.

ஆனால் அவளைப் பிற்பாடு அரித்தது அதுவல்ல.

முதன்முறை அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். பையனும் ஒரு பெண்ணும் ஓரளவு தேறியிருந்தார்கள். மூன்றாவது பெண், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவுக்குக் கிடந்தாள்.

"எங்களால ஆனதைப் பண்றோம். இவளைப் பத்தி மட்டும் உறுதியா எதுவும் சொல்ல முடியலம்மா" என்றார் டாக்டரம்மா.

அமல்ராஜ் அந்தப் பெட்டியருகிலேயே நின்றான். ஆக்னஸ் நாற்காலியை மற்ற இருவர் பக்கம் திருப்பச் சொன்னாள்.

அப்படித் தொடங்கியதுதான். அவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தினம் காலையில் பஸ் ஏறி வந்து மாலைவரை இருந்தாள். கையைக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். மூன்றாவது குழந்தையின் வாயில் தடவ இரண்டு சொட்டு வேண்டுமென்று நர்ஸ் சபீனா கேட்டால் கிண்ணத்தை நீட்டுவாளே தவிர, கூடப் போகமாட்டாள். போகிற உயிர் என்றால் தனக்கு அதன் முகம் தெரியாமலே போகட்டும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம். பாவமான எண்ணம் என்று தெரிந்தும் அதை விரட்ட முடியவில்லை.

தரை துடைக்கும் ராஜம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, இந்த ரெண்டு புள்ளைங்களாண்டயே நின்னுகினு கீறே? அந்தச் சின்னதும் உன்துதானே?"

"என்துதான். கிட்டப் போனா அதுக்குத் தொந்தரவுன்னு சொன்னாங்க."

அப்படி யாருமே சொல்லவில்லை.

அமல்ராஜ் வேலை முடிந்து, அவள் கிளம்பிய பிறகு மருத்துவமனைக்கு வருவான். பெட்டியின் துவாரம் வழியே விரலை நீட்டுவான். சின்னவள் அதைப் பிடித்துக்கொள்வாள். மற்ற இருவருக்கும் ஜெரோம், ஜெனிட்டா என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஒருநாள் சபீனாவிடம் சுத்தத் தண்ணீர் வாங்கி, ஒரு சொட்டு நெற்றியில் விட்டு, ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்ற வழக்கப்படி தானே ஞானஸ்நானம் கொடுத்து செலின் என்று பெயர் வைத்தான். ஆக்னஸிடம் சொன்னபோது அவள் "ம்" என்றாள்.

பிறகு யாரும் எதிர்பாராதபடி செலின் தேறினாள். மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள்.

"ஆக்னஸ்ம்மா, இன்னிக்கு இவளை நெஞ்சோட வெச்சுக்கலாம். டாக்டர் சொல்லிட்டாங்க" என்று சபீனா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இப்பதான் ஜெனிட்டாவை வெச்சிருந்தேன் சிஸ்டர். முதுகு விட்டுப்போச்சு. நாளைக்கு வெச்சுக்கறேனே."

மறுநாள் காலை அவள் வந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, திரும்பக் குழாய் போட்டிருந்தார்கள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்த வாரமே ஒரு மதியம், ஆக்னஸ் அடுத்த அறையில் பால் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், செலின் போய்விட்டாள். அமல்ராஜ் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்தான். சபீனா வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை ஆக்னஸிடம் நீட்டினாள். ஆக்னஸின் கை நீளவில்லை. அமல்ராஜ்தான் வாங்கிக்கொண்டான்.

பட்டாபிராம் பக்கம் அடக்கம் பண்ணினார்கள். சில வாரங்களில் ஜெரோமும் ஜெனிட்டாவும் வீட்டுக்கு வந்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து, ரெண்டாச்சும் தங்குச்சே என்று ஆறுதல் சொன்னார்கள். அதையெல்லாம் ஆக்னஸ் பொறுத்துக்கொண்டாள். அமல்ராஜின் ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் ஜெரோமுக்குப் பாலாடையில் பால் புகட்டியபடியே அவன் சொன்னான்: "நான் சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் பாத்தேன். நீ பகல் பூரா செலின்கூட இருந்தே. அந்தச் சுகமாவது அதுக்குக் கெடைச்சுதே."

"நான் அவளைத் தொட்டதே இல்லைங்க."

"என்ன சொல்றே?"

"ஒருநாள்கூட. சிஸ்டர் வெச்சுக்கச் சொன்னாங்க. நாளைக்குன்னு சொல்லிட்டேன்."

பாலாடை அந்தரத்தில் நின்றது. பையன் சிணுங்கியதும் கை மறுபடி அசைந்தது. அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை. இரண்டு கைக்குழந்தைகள் இருக்கிற வீட்டில் முழுக்கப் பேசாமலிருக்க முடியாது. பால் ஆறிடுச்சு, துணி மாத்தணும் என்ற அளவில் பேச்சு நடந்தது.

ஒரு ஞாயிறு, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பாமலே கேட்டான். "ஏன்?"

"பயம்ங்க. அவ மூஞ்சி மனசுல பதிஞ்சுட்டா அப்புறம் எப்படித் தாங்குறதுன்னு."

"எனக்கும் பயந்தான். ஆனா அவ அங்க தனியாக் கெடந்தாளே, ஆக்னஸ்."

அவள் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக் கொடியில் போட்டான்.

குழந்தைகளின் கண் பரிசோதனைக்காக மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது ஆக்னஸ் சபீனாவைத் தேடிப் பிடித்தாள்.

"சிஸ்டர், கடைசி நேரத்துல அவ..."

"என் கையிலதாம்மா இருந்தா. தனியா விடல."

"மூஞ்சி எப்படி இருக்கும்?"

சபீனா குற்றம் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "ஜெனிட்டா ஜாடைதான். தாடையில சின்னதா ஒரு குழி" என்றாள். ஆக்னஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று வீட்டில் அமல்ராஜிடம் கேட்டாள். "செலினுக்குத் தாடையில குழி இருந்துச்சா?"

அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதே இல்லை. ஜெனிட்டாவை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "மூஞ்சியைச் சுளிச்சாத்தான் தெரியும். என் வெரலைப் பிடிச்சா லேசுல விடமாட்டா."

பிள்ளைகள் இப்போது ஓடி விளையாடுகிறார்கள். ஆக்னஸ் இன்னும் அவ்வப்போது செலினைப் பற்றி ஏதாவது கேட்கிறாள். முடி எப்படி, நிறம் எப்படி என்று. அமல்ராஜ் சொல்கிறான். சொல்லும்போது சில நாள் அவன் குரலில் பழைய கோபம் ஏறிவிடும். அவள் எழுந்து போவதில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிறாள்.